பத்தாம் வகுப்புத் தமிழ்: கைப்பேசியையும் ஏஐயையும் எந்த அளவுக்கு வகுப்புக்குள் விடலாம்?

தமிழம்மா, அருப்புக்கோட்டை

எல்லாருக்கும் வணக்கம். அருப்புக்கோட்டைப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். பள்ளியில் ஹைடெக் லேப் இருக்கிறது, புரொஜெக்டர் இருக்கிறது. தலைமையாசிரியர் நல்லவர். "புதுசா எதைச் செஞ்சாலும் செய்ங்க டீச்சர், பிள்ளைகளுக்குக் கெடுதல் வரக்கூடாது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டார். அந்தக் "கெடுதல் வரக்கூடாது" என்பதை எப்படி உறுதி செய்வது என்றுதான் இங்கே கேட்க வந்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். "நான் விரும்பும் தொழில்" என்று ஒரு கட்டுரை கொடுத்திருந்தேன். வந்தவற்றில் பாதிக் கட்டுரைகள் ஒரே அச்சு. முன்னுரை, மூன்று உள்தலைப்பு, முடிவுரை. பத்திக்குப் பத்தி "முக்கியப் பங்கு வகிக்கிறது", "என்பது குறிப்பிடத்தக்கது". வீட்டில் அண்ணனுடைய போனில் சாட்ஜிபிடியில் கேட்டு, பார்த்து எழுதியிருக்கிறார்கள். அதை மறைக்கவும் இல்லை. "எல்லாரும் அப்படித்தான் டீச்சர் எழுதுறாங்க" என்று நேராகவே சொன்னார்கள்.

அதில் ஒரு பையன் நெசவைப் பற்றி எழுதியிருந்தான். இரண்டு பக்கம், ஒற்றுப்பிழைகூட இல்லை. ஆனால் "இந்தியப் பொருளாதாரத்தில் நெசவுத் தொழில்" என்று தொடங்கி எங்கெங்கோ போகிறது. எங்கள் ஊர் வரவே இல்லை. அவன் அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். நோட்டை மூடி வைத்துவிட்டு, "உங்க அப்பா தறியில என்ன செய்வார், அதை மட்டும் சொல்லு" என்றேன். பாவு (நெடுக்கு நூல்) ஏற்றுவது, தார் (குறுக்கு நூல் சுற்றிய குச்சி) தீர்ந்தால் மாற்றுவது, இழை அறுந்த இடத்தை ஓட்டத்திலேயே கண்டுபிடித்து முடிச்சுப் போடுவது, கரண்ட் போய்த் திரும்பி வரும்போது துணியில் விழும் கோடு, அந்தக் கோட்டுக்காக முதலாளி பிடிக்கும் கூலி என்று மூச்சு விடாமல் சொன்னான். வகுப்பே கேட்டுக்கொண்டிருந்தது. அதில் ஒரு வரிகூட அவன் நோட்டில் இல்லை. எனக்கு அழுகை வராத குறை.

அதனால் எனக்கு ஒரு யோசனை. பிள்ளைகள் பேசுவதை முதலில் பதிவு செய்து, குரல் தட்டச்சில் போட்டு எழுத்தாக்கி, அதிலிருந்து கட்டுரையை வளர்க்கச் சொன்னால் என்ன? அதே பதிவை வாசிப்புப் பயிற்சிக்கும் வைத்துக்கொள்ளலாம். ழகரம், ளகரம், றகரம் எல்லாம் இங்கே பெரும்பாடு. பதிவுகளை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லலாமா? குரல் என்பது பிள்ளையின் சொந்த அடையாளம் ஆயிற்றே என்று மனசு உறுத்துகிறது. ஏஐயை முழுக்கத் தடை செய்துவிடுவதா, சொல்லிக் கொடுத்து விடுவதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஒரத்தநாடு தமிழய்யா

டீச்சர், அந்தப் பையன் பேசியதைக் கேட்கத் தெரிந்ததே, அதிலேயே பாதி வேலை முடிந்தது. என் வகுப்பில் நடப்பதைச் சொல்கிறேன், உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் தடை போடவில்லை. தடை என்பது பள்ளிக் கதவுக்குள் மட்டும்தான் செல்லும். கட்டுரை எழுதுவதோ வீட்டில். அதனால் அதை வகுப்பின் நடுவிலேயே, எல்லார் கண் முன்னாலும் வைத்தேன். ஆனால் என் கணக்கு, என் மடிக்கணினி, என் கை. எந்தப் பிள்ளையையும் கணக்குத் தொடங்கச் சொல்வதில்லை. சாட்ஜிபிடி நிறுவனத்தின் விதிப்படியே 13 வயதுக்குக் குறைந்தவர்கள் பயன்படுத்தக் கூடாது, 18-க்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் அனுமதி வேண்டும். யுனெஸ்கோ 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் வகுப்பறைப் பயன்பாட்டுக்கு 13 வயதைக் கீழ் வரம்பாக வைக்கிறது. நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இந்த 13, 18 என்ற இரண்டு வரம்புக்கும் நடுவில் நிற்கிறவர்கள்.

யாப்பு நடத்தும்போது செய்தது இது. மழைநீர் சேமிப்பைப் பற்றி ஒரு குறள் வெண்பா எழுது என்று பிள்ளைகள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். திரையில் வந்தது:

மழைநீர் சேமித்து வைத்தால் மண்ணில்
உயிர்கள் யாவும் செழிக்கும்

கீழே "இது குறள் வெண்பா இலக்கணப்படி அமைந்துள்ளது" என்று ஒரு சான்றிதழும் கொடுத்திருந்தது. முதலடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று, பார்வைக்குக் குறள் மாதிரியே இருக்கிறது. பிள்ளைகள் கைதட்டினார்கள். கரும்பலகையில் எழுதிப் போட்டு அலகிட, அதாவது அசை பிரித்துப் பார்க்கச் சொன்னேன். ஒற்றை விட்டுவிட்டால் ஓரெழுத்து அசை நேர், குறிலில் தொடங்கும் ஈரெழுத்து அசை நிரை. மழைநீர் என்பது நிரை நேர், புளிமா என்ற மாச்சீர். மாச்சீருக்குப் பின்னால் நிரை வர வேண்டும், ஆனால் "சேமித்து" நேரில் தொடங்குகிறது. முதல் இடத்திலேயே தளை, அதாவது சீருக்குச் சீர் இருக்க வேண்டிய இணைப்பு, தட்டுகிறது. கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பெண்தான் முதலில் கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு யாரையும் உட்கார வைக்க முடியவில்லை. "வைத்தால் – மண்ணில்" தட்டுகிறது ஐயா, "உயிர்கள் – யாவும்" தட்டுகிறது ஐயா என்று ஆளுக்கொரு பக்கம். ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாக வர வேண்டும். "செழிக்கும்" எதிலும் அடங்கவில்லை.

அப்புறம் அவர்களே சரி செய்தார்கள். மழைநீர் என்பதை மழைநீரை ஆக்கினால் காய்ச்சீர் (நேரில் முடியும் மூன்றசைச் சீர்), காய்முன் நேர் வரலாம். மண்ணில் போய் நிலத்தில் வந்தது. உயிர்கள் யாவும் என்பது உயிரெல்லாம் ஓங்கும் ஆயிற்று. கடைசியில்:

மழைநீரைச் சேமித்து வைத்தால் நிலத்தில்
உயிரெல்லாம் ஓங்கும் செழித்து

இதை அவலோகிதம் என்ற யாப்பு மென்பொருளில் இட்டுப் பார்த்தோம். அது அலகிட்டு, சீர், தளை எல்லாம் பிரித்துக் காட்டும். இணையத்தில் இலவசம். அது விதிப்படி எண்ணிப் பார்க்கிற கருவி. சாட்பாட் அடுத்து எந்தச் சொல் வரும் என்று ஊகித்துக் கோக்கிற கருவி. இரண்டும் ஒரே திரையில்தான் வருகின்றன, செய்யும் வேலை வேறு என்பதைப் பிள்ளைகள் அன்று கண்ணால் பார்த்தார்கள். "எதுகை இல்லையே ஐயா" என்றான் ஒருவன். எதுகை இல்லாமலும் வெண்பா நிற்கும், ஆனால் கேட்டவனுக்குக் காது இருக்கிறது. எதுகையோடு எழுதி வா என்று வீட்டுக்கு அனுப்பினேன், எழுதியும் வந்தான்.

பலகையில் பிழை பிடித்த பிள்ளைக்கு அந்தத் திரை மேல் இருந்த பயபக்தி போய்விடுகிறது. அதற்காகத்தான் இதை வகுப்பில் செய்கிறேன்.

மேற்கோள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். வள்ளுவர் சொல்லாததை எல்லாம் குறள் என்று எண் போட்டே கொடுக்கும். என் வகுப்பில் ஒரே விதி: மேற்கோளை நூலில் கண்ணால் பார்த்த பிறகுதான் எழுத வேண்டும். எண்ணைச் சோதிக்க ஒரு சுலப வழி இருக்கிறது. அதிகாரத்துக்குப் பத்துக் குறள் என்பதால், குறள் 423 என்றால் அது 43-ஆவது அதிகாரம், அறிவுடைமை. கல்வி அதிகாரம் 391 முதல் 400 வரை. "கல்வி அதிகாரம், குறள் 423" என்று வந்தால் நூலைத் திறக்கும் முன்பே பொய் தெரிந்துவிடும். சங்கப் பாடல்களுக்கு 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கின்றன. இரண்டையும் லேப் கணினிகளில் முகப்பிலேயே போட்டு வைத்திருக்கிறேன். தேடி எடுக்கப் பழகிய பிள்ளை, கேட்டு வாங்குகிற பிள்ளையைவிட ஒரு படி மேலே நிற்கும்.

குரல் பதிவைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

மொழிநிரலன், சென்னை

தமிழம்மா, வணக்கம். நான் ஆசிரியர் இல்லை, பேச்சைப் புரிந்துகொள்ளும் மென்பொருளில் வேலை செய்கிறவன். உங்கள் யோசனையில் ஒரு பாதி அருமை. மறு பாதியில் ஒரு சிக்கல் இருக்கிறது.

குரல் தட்டச்சை உச்சரிப்புக்கு அளவுகோலாக வைக்காதீர்கள். அது காதில் விழுந்ததை அப்படியே எழுதுவதில்லை. அந்த இடத்தில் எந்தச் சொல் இருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்து எழுதுகிறது. பிள்ளை "வாளப்பளம்" என்று சொன்னாலும் திரையில் "வாழைப்பழம்" என்றுதான் வரும். பிள்ளை தான் சரியாகச் சொன்னதாக நினைத்துக்கொள்ளும். நீங்கள் திருத்த நினைத்த பிழையை மென்பொருள் மூடி மறைத்துவிடுகிறது. உச்சரிப்புக்கு வெறும் பதிவுக் கருவி போதும்: பிள்ளை தன் குரலைத் தானே கேட்க வேண்டும், பிறகு நீங்கள் வாசித்ததைக் கேட்க வேண்டும், மறுபடி வாசிக்க வேண்டும்.

அந்தப் பையனின் தறிப் பேச்சிலும் இதே தொல்லைதான். மென்பொருள் அதிகம் கேட்டிருப்பது செய்தி வாசிப்பையும் நகரத்துப் பேச்சையும். குறுக்கு நூலை "ஊடை" என்று அவன் சொன்னால் "உடை" என்று விழும் வாய்ப்பு அதிகம். அவனிடம் மட்டுமே இருக்கிற சொற்கள்தான் முதலில் உதிரும். அதனால் எழுத்தாக்குவதை அவனையே கையால் செய்யச் சொல்லுங்கள். தன் பேச்சைத் தானே நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதுவது நல்ல மொழிப் பயிற்சி. பேசும்போது வந்த வாக்கியம் எழுதும்போது எப்படி நிமிர்கிறது என்று அவனுக்கே தெரியும்.

இன்னொன்று. "ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிக்கும்" இணையதளங்களை நம்பி எந்தப் பிள்ளையையும் குற்றம் சாட்டிவிடாதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே தான் வெளியிட்ட கண்டறியும் கருவியைத் துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் சொந்தமாக எழுதிய டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக் கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியது என்று அவை முத்திரை குத்தின. எளிய சொற்களில், ஒரே மாதிரி வாக்கியங்களில் எழுதுகிறவர்கள்தான் அதில் மாட்டிக்கொண்டார்கள். முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளை எழுதுவதும் அப்படித்தானே இருக்கும்? நீங்கள் நோட்டை மூடிவிட்டுக் கேள்வி கேட்டீர்களே, அதைவிட நல்ல கருவி கிடையாது.

பதிவு செய்யும் போன் யாருடையது என்பதையும் பாருங்கள். சில பதிவுச் செயலிகள் கோப்பைத் தானாகவே கிளவுடுக்கு ஏற்றிவிடும். போனின் செட்டிங்ஸில் போய் அதை அணைத்துவிடுங்கள், அல்லது லேப் கணினியில் ஹெட்செட் போட்டுப் பதியுங்கள்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா, திருப்பூர்

டீச்சர், பெற்றோர் பக்கத்திலிருந்து ஒருத்தி பேசுகிறேன். தயவு செய்து குழுவில் குரலையோ வீடியோவையோ போடச் சொல்லாதீர்கள்.

எங்கள் வீட்டில் ஒரே போன். அவர் பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட் போனால் போனும் கூடவே போய்விடும். என் மகள் படிக்கும் இடத்தில் ஒரு குழு ஆரம்பித்தார்கள். வாட்ஸ்அப் குழுவில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். யாரோ ஒரு பிள்ளையின் மாமா கையில் அந்த போன் இருந்திருக்கிறது. என் எண்ணுக்கு ராத்திரியில் கண்ட கண்ட மெசேஜ் வந்தது. பிள்ளைகள் ஆடிய வீடியோவை யாரோ ஸ்டேட்டஸில் வைத்திருந்தார்கள். யாரைக் கேட்பது? குழுவில் இருக்கிறவர்கள் கையில் போய்விட்டால் அதைத் திரும்ப வாங்க முடியாது.

இன்னொன்றும் மனசில் இருக்கிறது. "போனில் அனுப்பு" என்று நீங்கள் சொன்னால், அனுப்ப முடியாத பிள்ளை காரணம் சொல்லாது. மறந்துவிட்டேன் என்று சொல்லித் திட்டு வாங்கிக்கொள்ளும். என் மகன் அப்படித்தான் இருந்தான், எனக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. பள்ளிக்கூடத்திலேயே முடிகிற மாதிரி வேலை கொடுங்கள் டீச்சர்.

ஒரத்தநாடு தமிழய்யா

அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. சட்டமும் அவர் பக்கம்தான். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லாரையும் குழந்தை என்றே கொள்கிறது. குழந்தையின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல், அதுவும் சரிபார்க்கக்கூடிய ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டத்தின் நுணுக்கம் பள்ளிக்கு எப்படிப் பொருந்தும் என்று வக்கீல்கள் பேசட்டும். நாம் பெற்றோரிடம் கேட்டுவிட்டுச் செய்வதற்கு யாரும் குறுக்கே நிற்கப்போவதில்லை.

அறிவிப்புக்கு மட்டும் வாட்ஸ்அப் போதும். சாதாரணக் குழுவுக்குப் பதில் வாட்ஸ்அப்பில் இருக்கும் கம்யூனிட்டி என்ற வசதியைத் தொடங்கினால் அதன் அறிவிப்புப் பகுதியில் ஒரு பெற்றோரின் எண் இன்னொரு பெற்றோருக்குத் தெரியாது, அட்மினுக்கு மட்டும்தான் தெரியும். அதற்குள்ளேயே தனிக் குழு வைத்தால் பழைய கதைதான், அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பிராட்காஸ்ட் லிஸ்டிலும் எண் தெரியாது, ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் செய்தி போய்ச் சேரும்.

தமிழம்மா, அருப்புக்கோட்டை

எல்லாருக்கும் நன்றி. திருப்பூர் அம்மா எழுதியதை எங்கள் ஆசிரியர் அறையில் சத்தமாகவே வாசித்துக் காட்டினேன். "மறந்துவிட்டேன் என்று சொல்லித் திட்டு வாங்கிக்கொள்ளும்" என்ற இடத்தில் கணக்கு டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் செய்யப்போவது இது. கட்டுரையின் முதல் வரைவு வகுப்பிலேயே, கையால். அதற்கு முன்னால் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் பேச மற்றவர் கேள்வி கேட்க வேண்டும். லேப் கணினியில் பதிந்து, பேசியவரே கேட்டு எழுதுவது. கோப்புக்குப் பெயர் வைக்க மாட்டேன், வரிசை எண் மட்டும். பென்டிரைவில் வெளியே போகாது, எழுதி முடித்ததும் பிள்ளையே அழித்துவிட வேண்டும், நான் பக்கத்தில் நிற்பேன். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரிடம் இதைச் சொல்லிக் கையெழுத்து வாங்குவேன். வேண்டாம் என்கிற பெற்றோரின் பிள்ளை பதியாமல் பேசிவிட்டு எழுதட்டும், மதிப்பெண்ணில் வித்தியாசம் இருக்காது. மழைநீர்க் குறளை அப்படியே சுடப்போகிறேன் ஐயா, அனுமதி கொடுங்கள்.

தறிக்காரர் மகன் மறுபடி எழுதிவிட்டான். ஒன்றரைப் பக்கம், ஒற்றுப்பிழை நிறைய. "கரண்டு வந்ததும் அப்பா முதல்ல துணியத் தடவிப் பார்ப்பார், விளக்க கூடப் பார்க்க மாட்டார்" என்று ஒரு வரி. அந்தப் பேச்சு வழக்கை நான் திருத்தவில்லை. பரீட்சைக்கு எழுத்து வழக்கில் எப்படி எழுதுவது என்று பக்கத்தில் பென்சிலால் எழுதிக் காட்டினேன்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண்ணுக்குப் பார்வை மிகவும் குறைவு. பக்கத்தில் இருப்பவள்தான் பாடத்தை வாசித்துக் காட்டுகிறாள். மற்றவர்களுக்குப் போன் இல்லை என்றுவிட்டு இவளுக்கு மட்டும் கருவி கொடுத்தால் அவளைத் தனியாக்கின மாதிரி ஆகிவிடாதா?

மொழிநிரலன், சென்னை

ஆகாது, கொடுங்கள். இப்போது அவள் இன்னொருத்திக்கு நேரம் இருக்கும்போதுதான் படிக்க முடிகிறது. கருவி இருந்தால் தன் நேரத்துக்குப் படிப்பாள்.

போன் வேண்டாம், லேப் கணினியே போதும். என்விடிஏ என்று ஒரு திரைவாசிப்பான் இருக்கிறது, விண்டோஸுக்கு இலவசம். அதோடு வரும் ஈஸ்பீக் குரலில் தமிழ் உண்டு. குரல் கொஞ்சம் இயந்திரத்தனமாக இருக்கும், ஆனால் பழகியவர்கள் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு கேட்பார்கள். பாடம் ஒருங்குறியில் (யூனிகோடில்) இருக்க வேண்டும், இதுதான் முக்கியம். ஸ்கேன் செய்த படமாக இருந்தால் அது வாசிக்காது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கேள்வித்தாளாக இருந்தால் கன்னாபின்னாவென்று வாசிக்கும். உங்கள் பள்ளித் தேர்வுத்தாள்கள் எந்த எழுத்துருவில் இருக்கின்றன என்று பார்த்துச் சொல்லுங்கள். பழைய எழுத்துரு என்றால் ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன, ஒரு தாளை மாற்றிக் காட்டுகிறேன். மாற்றிய பிறகு நீங்கள் ஒருமுறை ஒற்றெழுத்துகளைச் சரிபார்த்துக் கொடுத்தால் அடுத்த மாதத் தேர்வை அவளே கேட்டு எழுதலாம்.